மண்ணில் மணிச்சத்து இருந்தும் பயிருக்கு எட்டாதது ஏன்? துவரை வேர், பாஸ்போபாக்டீரியா, வேம் பற்றிய ஐயம்

கேள்வி: மேட்டுக்காடு

அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எங்களுக்குள்ள மானாவாரிச் செம்மண் நிலத்தில் நிலக்கடலையையும் கேழ்வரகையும் மாற்றி மாற்றிப் பயிரிட்டு வருகிறோம். டிஏபியை (டை அம்மோனியம் பாஸ்பேட்) அடியுரமாகப் போடாமல் விதைத்த பருவம் அநேகமாக இல்லை. அப்படியிருந்தும் அண்மையில் கைக்கு வந்த மண்வள அட்டையில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) எக்டருக்கு 9 கிலோ, அதாவது 'குறைவு' என்றே போட்டிருக்கிறார்கள். மண்ணின் கார அமில நிலை 6.1.

தழைச்சத்து (நைட்ரஜன்) நீரோடு கீழே இறங்கிவிடும், காற்றிலும் கலந்துவிடும் என்பது தெரிந்ததுதான். ஆனால் மணிச்சத்து போட்ட இடத்தை விட்டு நகராது என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். நகராதென்றால் இத்தனை ஆண்டுகளாகப் போட்டதெல்லாம் எங்கே இருக்கிறது? அது நிலத்திலேயே இருக்கிறதென்றால் சோதனையில் ஏன் தெரியவில்லை?

உரக்கடையில் கேட்டபோது, மண்ணில் அடைபட்டுக் கிடப்பதை விடுவிக்கப் பாஸ்போபாக்டீரியா என்னும் உயிர் உரமும் வேம் என்னும் வேர்ப்பூசணமும் போதும், இனி டிஏபியே வேண்டாம் என்றார்கள். என் தந்தையார் வேறொரு காரணம் சொல்கிறார். முன்பு கடலைக்கு இடையே துவரைச் சால் விடுவோம். ஆள் கிடைக்காததால் அதை நிறுத்திவிட்டோம். துவரை நின்ற சாலில் மறு ஆண்டு கேழ்வரகு தனியாகத் தெரியும்படி கறுத்து வளரும் என்பது அவர் கண்டது. துவரை வேருக்கு அப்படி ஏதேனும் தனித்திறன் உண்டா, அல்லது அது வேர்முடிச்சால் வந்த தழைச்சத்தின் பலன் மட்டும்தானா? மண்ணியல் படித்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில்: வேரடிமண்

மேட்டுக்காடு அவர்களுக்கு வணக்கம். விளைச்சலோடு வெளியேறிய பங்கும், மழையில் மேல்மண் அரித்துக் கொண்டுபோன பங்கும் நீங்கலாக, நீங்கள் போட்ட மணிச்சத்து உங்கள் நிலத்தில்தான் இருக்கிறது. மண்வள அட்டையில் உள்ள 9 கிலோ நிலத்தின் மொத்த இருப்பு அல்ல. 1954-இல் ஆல்சன் வகுத்த முறைப்படி, சோடியம் பைகார்பனேட் கரைசலில் மண்ணைப் போட்டு அரை மணி நேரம் குலுக்கும்போது எவ்வளவு வெளியே வருகிறதோ அந்த அளவு அது. பயிர் அந்தப் பருவத்தில் எளிதாக எடுக்கக்கூடியது எவ்வளவு என்பதற்கு ஒரு குறியீடாக அதைக் கொள்கிறோம், அவ்வளவே.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஏக்கரில் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணின் எடை ஏறத்தாழ 9 லட்சம் கிலோ. கிலோ மண்ணில் மொத்தமாக 400 மில்லிகிராம் மணிச்சத்து இருப்பதாக வைத்துக்கொண்டால் (இது மிகையான அளவல்ல) ஏக்கருக்கு 360 கிலோ வருகிறது. உங்கள் அட்டையின் 9 கிலோவை ஏக்கருக்கு மாற்றினால் 3.6 கிலோ. அதாவது இருப்பில் நூற்றில் ஒரு பங்கைத்தான் சோதனை உங்களுக்குக் காட்டுகிறது. 50 கிலோ டிஏபி மூட்டையில் அச்சிட்டிருக்கும் 46 சதவீதம், பாஸ்பரஸ் பென்டாக்சைடு என்ற சேர்மமாகப் போட்ட கணக்கு. தனிமமாகப் பார்த்தால் ஒரு மூட்டையில் சுமார் 10 கிலோ மணிச்சத்துதான் உண்டு. அதிலும் போட்ட பருவத்திலேயே பயிர் எடுப்பது பெரும்பாலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போவதில்லை.

மீதியைப் பிடித்து வைத்திருப்பது எது என்பதே உங்கள் கேள்வியின் மையம். செம்மண்ணைச் சிவப்பாக்குவது ஹேமடைட் என்னும் இரும்பு ஆக்சைடு. அதோடு பழுப்பு மஞ்சள் நிறமுள்ள கோதைட்டும் கலந்திருக்கும். இவை களிமண் துகள்களின்மேல் மிக நுண்ணிய படலமாகப் படிந்திருப்பதால் இவற்றின் புறப்பரப்பு மிகப் பெரிது. மணிச்சத்து கரைந்து வரும் வடிவமான பாஸ்பேட் அயனி அந்தப் பரப்பிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதியை இடம்பெயர்த்துவிட்டு இரும்பணுவோடு நேரடியாகப் பிணைந்துகொள்கிறது. இதில் பெரும்பகுதி சில மணி நேரத்திலிருந்து சில நாள்களுக்குள் நடந்துவிடும். அதன் பிறகு மாதக்கணக்கில் மெதுவாகத் துகளின் நுண்துளைகளுக்குள் ஊடுருவிப் போகும். உள்ளே போகப் போக அதைத் திரும்பப் பெறுவது கடினமாகும். சுண்ணாம்பு மிகுந்த கரிசலில் கதை வேறு. அங்கே பிடித்து வைப்பது கால்சியம். இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால் உங்கள் தந்தையார் சொன்னதன் பொருள் விளங்கும்.

வேரின் பக்கத்திலிருந்து பார்ப்போம். தழைச்சத்தின் கரைந்த வடிவமான நைட்ரேட் நீரோடு சேர்ந்து வேரை நோக்கி ஓடி வரும். பாஸ்பேட் அப்படி வராது; மண்நீரில் அதன் செறிவு மிகக் குறைவு, வேர்ச் செல்லுக்குள் இருப்பதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் குறைவு. வேர் தன்னை ஒட்டியிருப்பதை உறிஞ்சிய பிறகு, அடுத்த ஓரிரு மில்லிமீட்டர் தூரத்திலிருந்து பரவல் மூலம் வந்து சேர வேண்டும். அந்தப் பரவல் வேரின் பசிக்கு ஈடுகொடுக்க முடியாத அளவுக்கு மந்தமானது. ஆகவே ஒவ்வொரு வேரையும் சுற்றி மணிச்சத்து வற்றிய மெல்லிய வளையம் ஒன்று உண்டாகிவிடுகிறது. இதை மீறப் பயிருக்கு இரண்டு வழிகள்தான் உண்டு. வற்றாத மண்ணை எட்டிப் பிடிக்க வேண்டும், அல்லது ஒட்டியிருக்கும் கனிமத்தையே இளக வைக்க வேண்டும். எட்டிப் பிடிப்பது வேர்த்தூவியும் பூசணமும் செய்யும் வேலை. அதை இங்குள்ள நுண்ணுயிரியல் நண்பர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

இளக வைப்பதில் துவரைக்கு உண்மையிலேயே தனித்திறன் உண்டு. ஹைதராபாத்துக்கு அருகில் பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் என்னும் பன்னாட்டுப் பயிர் ஆய்வு நிறுவனத்தில் நோரிஹாரு ஏ என்ற ஜப்பானிய ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இதைத்தான் ஆராய்ந்தார்கள். முடிவுகள் 1990-இல் சயன்ஸ் இதழில் வெளிவந்தன. இரும்போடு பிணைந்த பாஸ்பேட்டைப் பயன்படுத்துவதில் மற்றப் பல பயிர்களைத் துவரை விஞ்சியது. துவரை வேர் கசியவிடும் பிசிடிக் அமிலமும் அதன் மெத்தில் வழிப்பொருளும் இரும்பு அயனியைக் கவ்விக்கொள்வதால் பாஸ்பேட் விடுபடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். துவரையோடு சேர்த்து விதைக்கப்படும் தானியப் பயிர்களோ எளிதில் கரையும் கால்சியம் பாஸ்பேட்டையே நம்பியிருக்க வேண்டும் என்றும் அவர்கள் கண்டார்கள். ஆகவே இரண்டும் ஒரே நிலத்தில் நின்றாலும் ஒரே இருப்புக்காகப் போட்டியிடுவதில்லை. பின்னர் வந்த ஆய்வுகள் துவரையின் வேர்க்கசிவில் மலோனிக் அமிலத்துக்கும் பங்குண்டு என்று காட்டின. எந்த அமிலம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கலாம். இரும்பு பிடித்துவைத்ததைத் துவரை எடுக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை.

நிலக்கடலையையும் இதில் குறைத்து மதிப்பிட வேண்டாம். அதற்கு வேர்த்தூவிகள் மிகக் குறைவு. ஆனாலும் மணிச்சத்துக் குறைந்த மண்ணில் அது பிழைத்துக்கொள்கிறது. வேரின் புறச்செல்களின் சுவரே இரும்பைப் பற்றிக்கொண்டு பாஸ்பேட்டை விடுவிக்கிறது என்பது அதே நோரிஹாரு ஏ பின்னாளில் முன்வைத்த கருத்து. கேழ்வரகுக்கு இவ்விரண்டு வித்தையும் கிடையாது.

உங்கள் தந்தையார் கண்ட செழிப்பில் தழைச்சத்தின் பங்கு எவ்வளவு, மணிச்சத்தின் பங்கு எவ்வளவு என்று கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. துவரை உதிர்க்கும் இலையில் இரண்டுமே இருக்கின்றன. கேழ்வரகு கறுத்து வளர்ந்தது என்பதால் பெரும்பங்கு தழைச்சத்துடையது என்றே நினைக்கிறேன். ஆனால் வேர்முடிச்சு சரியாக இயங்குவதற்கே மணிச்சத்து கணிசமாக வேண்டும். இரும்பிடமிருந்து அதைப் பெற முடிந்ததால்தான் துவரையால் அவ்வளவு தழைச்சத்தைச் சேர்க்க முடிந்தது. அந்த வகையில் அவர் சொல்வது சரி.

பதில்: நுண்ணோக்கி

வேரடிமண் ஐயா விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். உரக்கடையில் சொன்னதை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பாஸ்போபாக்டீரியா செய்வது ஒன்று, வேம் செய்வது முற்றிலும் வேறு.

பாஸ்போபாக்டீரியாவை ஆய்வகத்தில் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் பாதி ஐயம் தீரும். பிக்கோவ்ஸ்காயா 1948-இல் உருவாக்கிய வளர்ப்பூடகத்தில், கரையாத டிரைகால்சியம் பாஸ்பேட்டைக் கலந்து தட்டில் ஊற்றுவார்கள். தட்டு பால்போல் கலங்கலாக இருக்கும். பாக்டீரியா வளரும் இடத்தைச் சுற்றித் தெளிவான வளையம் விழுந்தால் அது மணிச்சத்தைக் கரைக்கிறது என்று கொள்வார்கள். அது வெளிவிடும் குளுக்கோனிக் அமிலமே பெரும்பாலும் இதற்குக் காரணம். இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. தட்டில் இருப்பது கால்சியம் பாஸ்பேட். உங்கள் நிலத்தில் பிடித்து வைத்திருப்பதோ இரும்பு. அமிலத்தில் கால்சியம் பாஸ்பேட் கரைவதுபோல இரும்பு ஆக்சைடின்மேல் பிணைந்தது எளிதில் கரைந்துவிடாது. அடுத்து, தட்டில் பாக்டீரியாவுக்குக் குளுக்கோஸ் தாராளமாகக் கிடைக்கிறது. நிலத்தில் வேரை ஒட்டிய பகுதியைத் தவிர வேறெங்கும் அதற்கு அவ்வளவு சர்க்கரை கிடையாது. சர்க்கரை இல்லாமல் அமிலமும் இல்லை.

எண்ணிக்கையையும் பாருங்கள். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி தூள் வடிவ உயிர் உரத்தில் கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும். 2 கிலோ போட்டால் பத்தாயிரம் கோடி. பெரிய எண்ணாகத்தான் தெரிகிறது. ஆனால் சாதாரண மண்ணில் கிராமுக்குப் பத்துக் கோடி பாக்டீரியா என்று குறைத்து வைத்துக்கொண்டாலும், ஏக்கரின் மேல்மண்ணில் ஏற்கெனவே இருப்பவற்றுக்கு முன் நீங்கள் போடுவது ஒன்பது லட்சத்துக்கு ஒன்று என்ற விகிதத்தில்தான் நிற்கும். மண்ணில் வாழ்ந்து பழகிய கூட்டத்துக்கு நடுவே புதிதாக வருவது தாக்குப்பிடிப்பது கடினம். அதனால்தான் நிலம் முழுதும் தூவுவதைவிட விதை நேர்த்தி செய்வதில் கொஞ்சமாவது பொருள் இருக்கிறது. முளைக்கும் வேரோடு அது சேர்ந்தே புறப்படுகிறது. சோவியத் ஒன்றியத்தில் பாஸ்போபாக்டீரின் என்ற பெயரில் இத்தகைய பாக்டீரியாவைப் பெரும் பரப்பில் பயன்படுத்தினார்கள். பின்னர் அமெரிக்காவில் சோதித்தபோது அங்கே கூறப்பட்ட அளவு பலன் கிடைக்கவில்லை. அன்று முதல் இன்று வரை வயல்வெளி முடிவுகள் ஓரிடத்தில் நன்றாகவும் மற்றோரிடத்தில் ஒன்றுமில்லாமலும்தான் வருகின்றன. இது பயனற்ற பொருள் என்று நான் சொல்லவில்லை. சில பாக்டீரியாக்கள் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கியைச் சுரந்து வேரைக் கிளைக்கச் செய்வதால் பயிருக்கு நன்மை கிடைப்பதுண்டு. ஆனால் பாக்கெட்டை நம்பி டிஏபியை ஒரேயடியாக நிறுத்தச் சொல்வது சரியான ஆலோசனை ஆகாது.

வேம் என்பது வேருக்குள் வாழும் பூசணம். இதன் தொன்மை வியப்பூட்டுவது. ஸ்காட்லாந்தில் ரைனி என்ற ஊரில் கிடைத்த, சுமார் 40 கோடி ஆண்டுக்கு முந்தைய கல்லில், வேரே இல்லாத ஆதித் தாவரங்களின் தண்டுக்குள் இதே வகைப் பூசணத்தின் மரவடிவக் கிளைகள் அப்படியே பதிந்திருக்கின்றன. தாவரம் நிலத்துக்கு வந்த காலத்திலிருந்தே இந்த உறவு இருக்கிறது என்பதற்கு அது சான்று.

பலர் நினைப்பதுபோல் இந்தப் பூசணம் பாறையைக் கரைப்பதில்லை. அது தூரத்தைக் குறைக்கிறது. வேரைச் சுற்றி வற்றிய வளையம் என்று ஐயா சொன்னாரே, அதைத் தாண்டிப் பல சென்டிமீட்டர் தொலைவுக்குப் பூசண இழை போகும். இழையின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. வேர் நுழைய முடியாத நுண்துளைக்குள் அது நுழையும். அங்கிருந்து கொண்டுவரும் பாஸ்பேட்டுக்கு மாற்றாகச் செடி சர்க்கரையையும் கொழுப்பையும் கொடுக்கிறது. ஒளிச்சேர்க்கையில் உண்டானதில் ஐந்தில் ஒரு பங்கு வரை கூட இதற்குப் போவதுண்டு. செடிக்கு இது செலவுதான். ஆகவே தேவை இருந்தால் மட்டுமே அது செலவிடும்.

அந்தத் தேவையைச் செடி எப்படித் தெரிவிக்கிறது என்பதில் ஒரு சுவையான செய்தி இருக்கிறது. சோளத்தின் வேரில் ஒட்டுண்ணியாக வளரும் சுடுமல்லியை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதன் விதை, பக்கத்தில் வேர் இருப்பதை ஒரு வேதிப்பொருளின் வாசத்தால் அறிந்து முளைக்கிறது. அந்த வேதிப்பொருளை 1966-இல் பருத்தி வேர்க்கசிவிலிருந்து பிரித்தெடுத்தார்கள். தன்னைக் கொல்லும் களையைச் செடி ஏன் வரவேற்க வேண்டும் என்ற கேள்விக்கு 2005 வரை விடை கிடைக்கவில்லை. அந்த ஆண்டு ஜப்பானில் அகியாமா குழுவினர், அதே வகைச் சேர்மமே வேம் பூசணத்தை வேரை நோக்கிக் கிளைக்கச் செய்யும் அழைப்பு என்று நிறுவினார்கள். செடி அழைப்பது பூசணத்தை. சுடுமல்லி அதை ஒட்டுக்கேட்கிறது. இப்போது உங்களுக்குத் தேவையான செய்திக்கு வருகிறேன். மணிச்சத்துக் குறைந்தால் இந்தக் கசிவு கூடும். மணிச்சத்து நிரம்ப இருந்தால் கசிவு குறையும், பூசணமும் வேருக்குள் குறையும். ஆகவே முழு அளவு டிஏபியும் போட்டு, வேமும் போடுவது ஒன்றையொன்று கெடுக்கும் செலவு.

கடுகு, முட்டைக்கோசு, முள்ளங்கி, தண்டுக்கீரை, பீட்ரூட் ஆகியவற்றில் இந்தப் பூசணம் குடியேறுவதில்லை. இவற்றுக்கும் வேம் விற்கும் கடைகளைக் கண்டிருக்கிறேன். அதைப் பற்றி மேலும் சொல்ல ஒன்றுமில்லை.

பதில்: ஓடைக்கல்

நான் தாராபுரம் பக்கம். எங்கள் மண் சுண்ணாம்பு மண். மேலே சொன்னவை அனைத்தும் செம்மண்ணுக்குப் பொருந்தும்; இதைப் படிக்கும் எங்கள் பகுதியினர் அப்படியே எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவார்கள் என்பதால் எழுதுகிறேன். முதலில் உங்கள் மண் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு கைப்பிடி காய்ந்த மண்ணில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சில சொட்டு விட்டுப் பாருங்கள். சுரீரென்று நுரைத்தால் சுண்ணாம்பு மண்; ஒன்றும் நடக்காவிட்டால் மேட்டுக்காடு அவர்களின் வகை.

எங்களுக்கு மணிச்சத்தைவிட இரும்பே பெரிய தொல்லை. இதே நிலக்கடலை எங்கள் நிலத்தில் இளம் இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாகவும் நடுப்பகுதி மஞ்சளாகவும், முற்றினால் வெண்மையாகவும் மாறும். நீர் தேங்கியபின் இது இன்னும் கூடும். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. கார அமில நிலை (பிஎச்) ஓர் அலகு உயரும்போது, மண்ணில் பெரும்பாலும் இருக்கும் பெரிக் வடிவ இரும்பின் கரைதிறன் ஆயிரம் மடங்கு குறைந்துவிடுகிறது. எங்களுக்கு எட்டுக்கு மேல் இருப்பதால், வேருக்கு எட்டும் அளவில் இரும்பு கரைந்து இருப்பதேயில்லை. அன்னபேதியை (இரும்பு சல்பேட்) மண்ணில் போட்டாலும் விரைவில் அதே கரையாத வடிவத்துக்குப் போய்விடும். அதனால்தான் ஒரு சதவீதக் கரைசலாக இலையில் தெளிக்கச் சொல்கிறார்கள்.

இங்கே வேர்கள் இருவகையாக நடந்துகொள்கின்றன. நிலக்கடலை போன்ற இருவித்திலைப் பயிர்கள் வேரருகில் அமிலத்தை விட்டு, பெரிக் இரும்பை எளிதில் கரையும் பெரஸ் இரும்பாக ஒடுக்கி எடுக்கும். சுண்ணாம்பு மண் அந்த அமிலத்தை உடனுக்குடன் விழுங்கிவிடுவதால் இவற்றின் முயற்சி வீணாகிறது. மக்காச்சோளம், சோளம், வாற்கோதுமை ஆகிய புல்லினப் பயிர்கள் வேறு வழியில் போகின்றன. இரும்பைக் கவ்விக் கொண்டுவரும் மியூஜினிக் அமில வகைகளை வெளியே அனுப்பி, இரும்போடு சேர்த்துத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கின்றன. பிஎச் கூடினாலும் இவ்வழி அடைபடுவதில்லை. வாற்கோதுமை இந்தப் பொருளை நாள் முழுவதும் சொட்டவிடாமல், பொழுது விடிந்து சில மணி நேரத்துக்குள் மொத்தமாக வெளிவிடுகிறது. மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் தின்று தீர்ப்பதற்குள் வேலையை முடித்துக்கொள்ள அது உதவுகிறது. வேரருகே உள்ள நுண்ணுயிரிகள் எல்லாம் பயிருக்குத் தொண்டு செய்யவே இருக்கின்றன என்று பேசுவோர் இதைக் கவனிக்க வேண்டும். வேர் விடும் சிட்ரிக் அமிலத்தைக்கூட அவை சில மணி நேரத்தில் தின்றுவிடுகின்றன.

சீனாவின் வடபகுதிச் சுண்ணாம்பு மண்ணில் நிலக்கடலையைத் தனிப்பயிராகப் போட்டால் மஞ்சளடிப்பதும், மக்காச்சோளத்தோடு ஊடுபயிராகப் போட்டால் பச்சையாக இருப்பதும் விவசாயிகள் அறிந்ததுதான். சீன வேளாண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்து 2000-இல் வெளியிட்டார்கள். மக்காச்சோளத்தை ஒட்டிய கடலை வரிசைகள் பச்சையாக இருந்தன. தள்ளிப் போகப் போக மஞ்சள் கூடியது. இரண்டின் வேர்களும் பின்னாதபடி தடுத்தபோது அந்தப் பலன் மறைந்தது. மக்காச்சோளம் கொண்டுவரும் இரும்பில் கடலைக்கும் ஒரு பங்கு கிடைக்கிறது என்று அவர்கள் விளக்கினார்கள். எங்கள் பகுதியில் கடலைக்கு நடுவே சோளம் விடுவதை நிழலுக்குப் பயந்து பலர் விரும்புவதில்லை. பத்து வரிசைக்கு ஒன்றாக இல்லாமல், வேர் எட்டும் நெருக்கத்தில் விட்டால்தான் பலன் தெரியும்.

செம்மண்ணில் துவரை இரும்பைக் கவ்வுவது மணிச்சத்துக்காக. எங்கள் மண்ணில் மக்காச்சோளம் இரும்பைக் கவ்வுவது இரும்புக்காகவே.

மேட்டுக்காடு

மூவருக்கும் மிக்க நன்றி. சொட்டுவிட்டுப் பார்க்க அமிலம் கிடைக்கவில்லை, ஆனால் 6.1 என்பதால் எங்களுடையது சுண்ணாம்பு மண் அல்ல என்று எடுத்துக்கொள்கிறேன். இரண்டு ஐயங்கள் மிச்சம் இருக்கின்றன. துவரை எடுப்பதெல்லாம் ஏற்கெனவே உள்ள இருப்பிலிருந்துதானே? அப்படியானால் உரமே போடாமல் துவரையை மட்டும் நம்பினால் பிற்காலத்தில் நிலம் வற்றிப்போகாதா? மற்றொன்று, எங்கள் நிலத்தில் வேம் பூசணம் ஏற்கெனவே இருக்கிறதா என்பதை வீட்டிலேயே அறிய வழி உண்டா? அண்ணன் மகள் கல்லூரியில் தாவரவியல் படிக்கிறாள், நுண்ணோக்கி கிடைக்கும்.

பதில்: வேரடிமண்

சரியான இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். தழைச்சத்தைப் பயிர் காற்றிலிருந்து கொண்டுவந்து சேர்க்க முடியும். மணிச்சத்தை எந்த வேரும் எந்த நுண்ணுயிரியும் புதிதாக உண்டாக்க முடியாது. இருப்பிலிருந்து எடுப்பதுதான். 360 கிலோவில் பெரும்பகுதி துகள்களின் உள்ளே ஆழமாகப் போய்விட்டது. துவரையாலும் அதை முழுதாகத் தொட முடியாது. அதனால் அறுவடையில் வெளியேறும் அளவையாவது திருப்பிப் போட வேண்டும். நான் உங்கள் நிலையில் இருந்தால் டிஏபியை நிறுத்தமாட்டேன். பாதியாகக் குறைத்து, வீசித் தூவாமல், விதைக்குப் பக்கவாட்டில் சற்றுக் கீழே சாலில் வைப்பேன். வீசித் தூவும்போது ஒவ்வொரு குருணையும் புதிய இரும்புப் பரப்பைச் சந்திக்கிறது. ஒரே வரியாக வைத்தால் அந்த வரியிலுள்ள பரப்பு நிறைவடைந்து, மிச்சம் வேருக்குக் கிடைக்கிறது.

தொழுவுரத்தை இதனோடு சேர்த்தே வைக்கலாம். அது மட்கும்போது வெளிவரும் அங்கக அமிலங்கள் பாஸ்பேட் பிணையும் அதே இடங்களுக்குப் போட்டியிடுகின்றன. இடம் நிரம்பியிருந்தால் பாஸ்பேட்டுக்கு ஒட்ட இடமில்லை. மண்ணின் அங்ககப் பகுதியில் அடங்கியிருக்கும் மணிச்சத்தை வேரும் பூசணமும் சுரக்கும் பாஸ்பட்டேஸ் நொதிகள் விடுவிப்பது தனிக் கதை. மொத்த இருப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும் அங்கக வடிவில் இருப்பதுண்டு. கடலைச் செடியைக் காயோடு பிடுங்கிக் கொடியை மாட்டுக்குக் கொண்டுபோகும் வழக்கத்தில், அந்தச் சாணம் அதே நிலத்துக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். பல குடும்பங்களில் அது வீட்டருகே உள்ள தோட்டத்துக்குப் போய்விடுகிறது. மேட்டு நிலம் வற்றுவதற்கு அதுவே போதும்.

துவரைச் சாலை மீண்டும் தொடங்குங்கள். இலையை உதிர விடுங்கள். விறகுக்கு மிளாறை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். பயிர் நிற்கும்போது ஒரு செடியைச் சுற்றித் தோண்டி, உதறாமல் எடுத்து, வேர்முடிச்சை நகத்தால் அறுத்துப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது. வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் இல்லை.

பதில்: நுண்ணோக்கி

வேம் பூசணத்தைப் பார்க்க விலை உயர்ந்த சாயம் தேவையில்லை. எழுதுகோல் மையும் வினிகரும் போதும். 1998-இல் வெளியான இந்த முறையை இன்றும் ஆய்வகங்களில் பயன்படுத்துகிறார்கள். பூக்கும் பருவத்தில் கேழ்வரகின் மெல்லிய வேர்களை, தடித்தவற்றை விட்டுவிட்டு, மண் போக மென்மையாகக் கழுவி எடுத்துக்கொள்ளுங்கள். பத்துச் சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டுச் சில நிமிடம் சூடாக்கினால் வேரின் உள்ளடக்கம் கரைந்து கண்ணாடிபோல் தெளியும். இது தோலையும் கண்ணையும் அரிக்கும் பொருள் என்பதால் கல்லூரி ஆய்வகத்தில், கையுறையும் கண்ணாடியும் அணிந்து, ஆசிரியர் உடனிருக்கச் செய்யச் சொல்லுங்கள். பிறகு நீரில் பலமுறை அலசி, வினிகரில் இருபதில் ஒரு பங்கு கறுப்பு மை கலந்த கரைசலில் மூன்று நிமிடம் கொதிக்கவிட வேண்டும். எல்லா மையும் சரியாக ஒட்டுவதில்லை. இரண்டு மூன்று வகைகளைச் சோதித்துப் பாருங்கள். கடைசியாக, சில சொட்டு வினிகர் விட்ட நீரில் இருபது நிமிடம் ஊறவைத்தால் மிகுந்த சாயம் நீங்கிவிடும்.

வேரைக் கண்ணாடித் துண்டில் வைத்து மெல்ல அழுத்தி நூறு மடங்கு பெருக்கத்தில் பாருங்கள். வேர் நெடுக ஓடும் சாயம் ஏறிய இழைகளும், செல்களுக்கிடையே முட்டை வடிவப் பைகளும் தெரிந்தால் பூசணம் குடியேறியிருக்கிறது. நானூறு மடங்குக்குப் போனால் செல்லுக்குள் கிளைகிளையாகப் பிரிந்திருக்கும் அமைப்பு தென்படும். பாஸ்பேட் கைமாறும் இடம் அதுதான். இழைகளில் குறுக்குச் சுவர்கள் வரிசையாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் வேறு வகைப் பூசணம். அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

டிஏபி போட்ட பகுதியிலிருந்தும், போடாமல் விட்ட ஓரத்திலிருந்தும் தனித்தனியே வேர் எடுத்து ஒப்பிட்டால் இன்னும் தெளிவு கிடைக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு சென்டிமீட்டர் நீள வேர்த்துண்டுகள் முப்பதையாவது பார்த்து, எத்தனையில் பூசணம் இருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். உங்கள் பகுதி மானாவாரி நிலங்களில் உழவு குறைவு; கேழ்வரகு, கடலை, துவரை மூன்றுமே பூசணத்தை ஏற்கும் பயிர்கள். ஆகவே பெரும்பாலான துண்டுகளில் அது இருக்கும் என்றே எதிர்பார்க்கிறேன். அப்படியிருந்தால் வேம் வாங்க வேண்டியதில்லை. வேம் பூசணம் உயிருள்ள வேரில்லாமல் வளராது என்பதால் அதை மக்காச்சோளம் போன்ற செடிகளின் வேரில் வளர்த்து, அந்த வேரோடும் ஊடகத்தோடும் சேர்த்துத்தான் விற்கிறார்கள். உங்கள் நிலத்திலேயே அந்த வேலை நடந்துகொண்டிருக்கும்போது அதற்குக் காசு கொடுப்பானேன்? பாதிக்கும் குறைவான துண்டுகளில்தான் தெரிகிறது என்றால் இங்கே எழுதுங்கள். நாற்றங்காலில் மட்டும் போடுவதா, துவரை விதையோடு போடுவதா என்று அப்போது பார்க்கலாம்.